பிடிச்சாச்சு, எங்க வைக்கிறது?

நீங்க கடைசியா ஆப்பம் சாப்பிட்டது எப்போ? ஹாஸ்டல் மெஸ்ஸில் ஞாயிற்றுக்கிழமை காலையில் போடுற அந்த வெள்ளை ரப்பரைச் சொல்லவில்லை. வீட்டு ஆப்பம். ஓரம் முறுகலா, நடுவில் பஞ்சு மாதிரி, முழுக்க ஓட்டை ஓட்டையா இருக்குமே, அது. அந்த ஓட்டை ஒவ்வொன்றும் ஒரு கார்பன் டை ஆக்சைடு குமிழி வெளியே போன வழி. மாவு புளிக்கும்போது கொஞ்சம் வரும், ஆப்ப சோடா போட்டால் இன்னும் கொஞ்சம் வரும். சோடாவைச் சூடு பண்ணினால் உள்ளே கட்டிப்போட்ட வாயு கிளம்பிடும், அவ்வளவுதான் கெமிஸ்ட்ரி.

கார்பன் டை ஆக்சைடுக்குத் தமிழில் கரியமில வாயுன்னு ஒரு பெயர் இருக்கிறது எனக்குப் போன வருஷம்தான் தெரியும். இங்கிலீஷ் மீடியம், என்ன பண்றது. பெயர் பிடிச்சுப்போச்சு, இனி அதையே எழுதுறேன்.

ஆப்ப சோடாவில் ஆரம்பிச்சதுக்குக் காரணம் எங்க ஊர் தூத்துக்குடி. உப்பு, அமோனியா, தண்ணீர், கரியமில வாயு நான்கையும் சேர்த்தால் முதலில் கிடைப்பது சோடியம் பைகார்பனேட், அதாவது ஆப்ப சோடா. அதைச் சுட்டால் சோடா ஆஷ். கண்ணாடிக்கும் துணி சோப்புத் தூளுக்கும் அது வேணும். தூத்துக்குடியில் உப்புக்குப் பஞ்சமே கிடையாது. பஞ்சம் கரியமில வாயுவுக்குத்தான். அதைக் காசு கொடுத்து வாங்கணும். 2016-ல் அங்கே இருக்கிற தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையில் ஒரு காரியம் செய்தார்கள். தங்களோட நிலக்கரி பாய்லரின் புகையிலிருந்தே அந்த வாயுவைப் பிரித்து எடுத்து, சோடா ஆஷ் தயாரிப்புக்குள் அனுப்பினார்கள். தொழில்நுட்பம் கொடுத்தது கார்பன் க்ளீன் என்ற கம்பெனி. காரக்பூர் ஐஐடியில் நம்மளை மாதிரி படிச்சுட்டு வெளியே வந்த அனிருத்தா ஷர்மாவும் பிரதீக் பம்பும் 2009-ல் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் பிடிக்கலாம், அதுவும் அரசு மானியம் இல்லாமலேன்னு அறிவித்தார்கள். வெளிநாட்டுப் பத்திரிகையெல்லாம் எழுதினது. எங்க ஊர் பெயர் மக்ரூனுக்கும் உப்புக்கும் வெளியே நல்ல விஷயத்துக்காக உலகச் செய்தியில் வந்த அபூர்வமான தருணம் அது.

அந்தச் செய்தியை வெச்சுத்தான் என் ஃபைனல் இயர் ப்ராஜெக்டையே எடுத்தேன். மின்நிலையப் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடிப்பதை கம்ப்யூட்டரில் சிமுலேட் பண்ணுவது. ஒரு பெரிய மின்நிலையத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்னு நோட்டை எடுத்தேன். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்க, கால்குலேட்டர்கூட வேண்டாம். நிலக்கரியில் ஒரு யூனிட் கரண்ட் எடுத்தால் கிட்டத்தட்ட ஒரு கிலோ கரியமில வாயு வெளியே போகும். 1,000 மெகாவாட் நிலையம் முழு லோடில் ஒரு நாள் ஓடினால் 2 கோடியே 40 லட்சம் யூனிட். அப்போ 24,000 டன். சோடா ஆலை ஒரு வருஷம் முழுக்கப் பிடிக்கும் 60,000 டன், அந்த நிலையத்துக்கு இரண்டரை நாள் மூச்சு.

இன்னொன்றும் இருக்கு. பைகார்பனேட்டைச் சுட்டு சோடா ஆஷ் ஆக்கும்போதே உள்ளே போன வாயுவில் பாதி திரும்ப வெளியே வரும் (ஆலைக்குள்ளேயே அதைத் திரும்பப் பயன்படுத்துவாங்க). மீதிப் பாதி சோடா ஆஷுக்குள் இருக்கும். அது கண்ணாடி உலைக்குப் போனால் அங்கே மணலோடு சேர்ந்து உருகும்போது அந்த வாயுவும் கிளம்பிடும். அடுத்த ஸ்டாப் வானம்தான். ஆப்பத்தில் போட்டால் கதை இன்னும் சீக்கிரம் முடியும். இதனால் அந்த ஆலை செய்தது வீண்னு சொல்ல வரலை. வெளியிலிருந்து வாங்க வேண்டிய வாயுவைத் தன் புகையிலிருந்தே எடுத்தது நல்ல இன்ஜினியரிங், நல்ல வியாபாரம். ஆனால் பிடிப்பதும் வைப்பதும் வேற வேற வேலை. செய்தித் தலைப்புகளில் இரண்டும் ஒரே வேலை மாதிரித் தெரியும்.

முதலில் பிடிப்பது எப்படின்னு பார்த்துடலாம். மின்நிலையச் சிம்னியில் போகும் காற்றை ப்ளூ கேஸ்னு சொல்வோம். (தமிழில் எழுதினால் ஏதோ நீல நிற வாயு மாதிரி இருக்கு. புகைன்னே வெச்சுக்குவோம்.) நிலக்கரிப் புகையில் கரியமில வாயு 12 முதல் 14 சதவீதம்தான், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். பனிமய மாதா தேர்க் கூட்டத்தில் எட்டில் ஒருத்தரை மட்டும் அடையாளம் கண்டு தனியா கூட்டிட்டு வரணும்னா எப்படி? அந்த வேலையை அமீன் என்ற வகைத் திரவம் செய்யும். ஒரு கோபுரத்தில் மேலிருந்து அமீன் கலந்த தண்ணீர் வழியும், கீழிருந்து புகை ஏறும். கரியமில வாயு மட்டும் அமீனோடு ஒட்டிக்கும். அந்தத் திரவத்தை இரண்டாவது கோபுரத்துக்குக் கொண்டுபோய் 120 டிகிரி வரை சூடாக்கினால் ஒட்டினது பிரிந்து சுத்தமான வாயுவா மேலே வரும். அமீன் திரும்ப முதல் கோபுரத்துக்குப் போகும். இதற்கு 1930-லேயே பேட்டன்ட் வாங்கியாச்சு. நம்ம தாத்தாக்களைவிட வயசான டெக்னாலஜி.

வில்லன் அந்த "சூடாக்கினால்"தான். பாடப்புத்தக அமீனான மோனோ எத்தனால் அமீனில் ஒரு டன் வாயுவைப் பிரிக்க சுமார் 3.5 கிகாஜூல் வெப்பம் வேணும். கிலோவுக்கு 3.5 மெகாஜூல். ஒரு யூனிட் கரண்ட் என்பது எவ்வளவு? 3.6 மெகாஜூல். அதாவது ஒரு யூனிட் தயாரிக்கும்போது வந்த புகையைச் சுத்தம் பண்ண, கிட்டத்தட்ட அதே அளவு ஆற்றலை வெப்பமா கொடுக்கணும்! இதை முதல் தடவை போட்டுப் பார்த்தப்போ ராத்திரி ஒன்றரை மணி, எதிர் பெட்டில் தூங்கிட்டு இருந்தவனை எழுப்பிச் சொன்னேன். அவன் சிவில். திட்டிட்டுப் படுத்துட்டான்.

நல்லவேளையா, அந்த வெப்பம் உயர்தர வெப்பமா இருக்கணும்னு இல்லை. டர்பைனில் பெரும்பாலான வேலையை முடிச்சுட்டு வரும் குறைந்த அழுத்த நீராவியே போதும். அதனால் இழக்கும் கரண்ட் அந்த வெப்பத்தில் ஒரு பங்குதான். அதோடு பிடித்த வாயுவை அமுக்கும் கம்ப்ரசருக்கும் கரண்ட் வேணும். எல்லாம் கூட்டினால், 100 யூனிட் விற்ற நிலையம் அதே நிலக்கரியை எரித்து 70, 75 யூனிட்தான் விற்க முடியும். புது அமீன்கள் இதைக் குறைக்கும், ஆனால் இல்லாமல் ஆக்காது.

இந்த இடத்தில் எங்க அப்பா வருவார். அப்பா ஒரு அனல் மின்நிலையத்தில் காண்ட்ராக்ட் ஆள், நிலக்கரி கன்வேயர் பெல்ட் பக்கம் வேலை. கப்பலில் வருகிற கரி பெல்ட்டில் ஏறி பாய்லர் வரைக்கும் போகணும். பெல்ட் நின்றால் அவரைக் கூப்பிடுவாங்க. நான் என்ன ப்ராஜெக்ட் செய்றேன்னு செமஸ்டர் லீவில் விளக்கினேன். பொதுவா நான் படிப்பு பற்றிப் பேசினால் "சரிப்பா, சரிப்பா"ன்னு சொல்லிட்டு டிவி பார்ப்பார். அன்றைக்கு வால்யூமைக் குறைத்தார்.

"ஏல, அப்பம் இது வந்துட்டுன்னா எங்க பிளான்ட்ட மூட மாட்டாவள்ல?"

என் கைடு கேட்ட எந்தக் கேள்வியும் இவ்வளவு கஷ்டமா இருந்ததில்லை. பழைய நிலையங்களை மூடப்போறாங்கன்னு பேச்சு எங்க தெருவில் பல வருஷமா உண்டு. அப்பாவுக்கு 52 வயசு. அவர் கேட்டது கெமிஸ்ட்ரி இல்லைன்னு உங்களுக்கே தெரியும். "பார்த்துச் சொல்றேன்ப்பா"ன்னேன். அதுக்கப்புறம் நான் படிச்சது எல்லாமே அந்தக் கேள்விக்காகத்தான்.

அவருக்குப் புரியும் கணக்கு எடையில்தான் இருக்கு. கரியில் இருக்கும் ஒரு டன் கார்பன் எரிந்தால், காற்றிலிருந்து ஆக்சிஜனைச் சேர்த்துக்கிட்டு 3.67 டன் கரியமில வாயு ஆகும். நிலக்கரியில் சாம்பலும் ஈரமும் இருப்பதால், ஒரு டன் கரிக்குத் தரத்தைப் பொறுத்து ஒன்றரை டன்னிலிருந்து இரண்டு டன் வரை. உள்ளே ஒரு பெல்ட்டில் வருவது, வெளியே ஒன்றரை இரண்டு பெல்ட்டாகத் திரும்பிப் போகணும். இப்போது சிம்னி அந்த வேலையை ஓசியில் செய்யுது. பிடிச்சுட்டோம்னா தினமும் அத்தனையையும் எங்கேயாவது கொண்டுபோய் வைக்கணும்.

வைக்கிற இடம் பூமிக்கு அடியில். சாதாரண அறையில் ஒரு கிலோ கரியமில வாயு சுமார் 550 லிட்டர் இடம் பிடிக்கும். 800 மீட்டருக்குக் கீழே அழுத்தம் அதிகம் என்பதால் அதே ஒரு கிலோ ஒன்றரை லிட்டருக்குள் அடங்கிடும், ஒரு தண்ணி பாட்டில் அளவு. அங்கே துளைகள் உள்ள மணற்பாறை இருக்கணும், அதற்கு மேல் துளையில்லாத மூடி மாதிரி இன்னொரு பாறை இருக்கணும். வட கடலில் நார்வேயின் ஸ்லைப்னர் எரிவாயு வயலில் 1996-லிருந்து இப்படி ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் டன் வரை உள்ளே அனுப்பினார்கள். மின்நிலையப் புகை இல்லை அது, எரிவாயுவோடு சேர்ந்து வந்த வாயு. வாயு பாறைக்குள் எப்படிப் பரவுதுன்னு நில அதிர்வு அலைகளை வைத்துப் படமெடுத்துப் பார்த்துக்கிட்டே இருந்தார்கள், உள்ளேயேதான் இருக்கு. ஏன் செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பிடிச்ச பகுதி: 1991-ல் நார்வே அரசு கார்பன் வரி போட்டது. வெளியே விட்டால் வரி, உள்ளே புதைத்தால் வரி இல்லை. கம்பெனி கணக்குப் போட்டுப் புதைத்தது.

ஐஸ்லாந்தில் கார்ப்ஃபிக்ஸ் என்று ஒரு திட்டம். அங்கே எரிமலைப் பாறையான பசால்ட்டுக்குள் வாயுவைத் தண்ணீரில் கரைத்து அனுப்பினால் அது கல்லாகவே மாறிடுது. 2012-ல் அனுப்பியதில் 95 சதவீதத்துக்கு மேல் இரண்டு வருஷத்துக்குள் கல்லாயிடுச்சுன்னு 2016-ல் அளந்து சொன்னார்கள். நம்ம நாட்டில் தக்காண பீடபூமியில் பெரும் பரப்பு பசால்ட், கேட்கவே ஜோரா இருக்கும். ஆனா ஒரு டன் வாயுவுக்குச் சுமார் 25 டன் தண்ணீர் வேணும். மகாராஷ்டிராவில் அந்தத் தண்ணீரை யார் தருவது?

தமிழ்நாட்டுக்கு வாங்க. பெரும்பகுதி கடினப் பாறை, வாயுவை வைக்க உள்ளே இடமே கிடையாது. ஆழமான படிவப் பாறை இருப்பது காவிரிப் படுகையில். அங்கே 2017-ல் நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் என்ன நடந்ததுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்கும். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமா அறிவித்துச் சட்டமே வந்தது. மீத்தேன் எடுக்கக் கிணறு தோண்டாதேன்னு போராடின ஊரில், "இது எடுக்க இல்லைங்க, தூத்துக்குடிப் புகையை உள்ளே விட"ன்னு போய் நின்றால் என்ன சொல்வாங்க? அவங்க சொல்றதில் தப்பும் இருக்காது. 2020 பிப்ரவரியில் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சாட்டார்ஷியா என்ற சின்ன ஊருக்குப் பக்கத்தில் இந்த வாயு போகும் குழாய் உடைந்தது. கரியமில வாயு காற்றைவிடக் கனம், தரையோடு தவழ்ந்து ஊருக்குள் வந்தது. யாரும் சாகலை, ஆனால் 40 பேருக்கு மேல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஆக்சிஜன் இல்லாமல் கார் என்ஜின்கூட நின்னுபோச்சு.

சரி, மின்நிலையத்தில் இதை உண்மையிலேயே பெரிய அளவில் செய்தவங்க யார்? முதல் ஆள் கனடாவின் சாஸ்காச்சுவான் மாநிலத்து பவுண்டரி டாம். 2014 அக்டோபரில், ஒரே ஒரு யூனிட்டில் தொடங்கினார்கள். ஆண்டுக்கு 10 லட்சம் டன் இலக்கு. செலவு 100 கோடி கனடிய டாலருக்கு மேல். அமீன் கெட்டுப்போவது, சாம்பல் போய் அடைப்பது என்று பிரச்சினை மேல் பிரச்சினை. வருஷ இலக்கை எட்டவே முடியலை. 2018-ல் பக்கத்து இரண்டு யூனிட்டுகளுக்கு இது வேண்டாம்னு அந்த மின் நிறுவனமே முடிவெடுத்தது. இரண்டாவது அமெரிக்காவின் டெக்சாஸில் பெட்ரா நோவா, 2017 தொடக்கம். 240 மெகாவாட்டுக்கு உண்டான புகை, செலவு சுமார் 100 கோடி அமெரிக்க டாலர். நிலக்கரி நிலையத்தின் நீராவியைத் தொடாமல், பிடிக்கும் வேலைக்கென்றே தனியா ஒரு கேஸ் டர்பைன் வைத்தார்கள். நிலக்கரிப் புகையைப் பிடிக்க கேஸை எரிச்சாங்க, அந்தப் புகை நேரா மேலே போச்சு. பிடித்த வாயுவைச் சுமார் 130 கிலோமீட்டர் குழாயில் அனுப்பி, ஒரு எண்ணெய் வயலுக்குள் அழுத்தி, அடியில் ஒட்டியிருந்த கச்சா எண்ணெயை மேலே தள்ளினார்கள். 2020-ல் எண்ணெய் விலை விழுந்ததும் மூடிட்டாங்க. 2023 செப்டம்பரில்தான் மறுபடி திறந்தது. பவுண்டரி டாம் வாயுவும் பெரும்பாலும் எண்ணெய் எடுக்கத்தான் போனது.

எண்ணெய் விலை இருந்தால் பிடிப்பு, இல்லையென்றால் விடுப்பு. இதைக் காலநிலைத் திட்டம்னு சொல்ல எனக்கு மனசு வரலை.

இந்தியாவில் என்.டி.பி.சி. 2022-ல் விந்தியாச்சலில் ஒரு சோதனை ஆலை வைத்தது. ஒரு நாளைக்கு 20 டன். 500 மெகாவாட் யூனிட் ஒன்று முழு லோடில் ஒரு நாளைக்கு 12,000 டன் விடும். சோதனை என்பதால் அது போதும், கற்றுக்கொள்ளத்தானே. எனக்கு உறுத்தியது வேறு. அமீனுக்குக் கந்தக டை ஆக்சைடு விஷம் மாதிரி. புகையில் அது இருந்தால் அமீனோடு சேர்ந்து, சூடாக்கினாலும் பிரியாத உப்பா மாறி, விலை உயர்ந்த திரவத்தை வீணாக்கிடும். அதனால் முதலில் எஃப்.ஜி.டி. என்ற கந்தகம் நீக்கும் கருவி வேணும். நம்ம நாட்டில் அதற்கு 2015-லேயே விதி வந்தது. கெடு தள்ளிப்போச்சு, மறுபடி தள்ளிப்போச்சு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்களுக்கு அந்தக் கட்டாயத்திலிருந்தே விலக்கு கொடுத்துட்டாங்க. சிம்னிக்குக் கீழே இருக்கிற ஜனங்க மூச்சுக்காக வைக்க வேண்டிய கருவிக்கே காசில்லைன்னா, அதைவிடப் பல மடங்கு செலவாகும் கரியமில வாயுப் பிடிப்பை யார் வைப்பாங்க? என் சிமுலேஷனில் புகை சுத்தமா, கந்தகமே இல்லாமல் உள்ளே வரும். அந்த மாதிரிப் புகை எங்க ஊர் சிம்னியில் கிடையாது.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அப்பாவிடம் சொல்லிட்டேன். "இது உங்க பிளான்ட்டுக்கு வராதுப்பா. பழைய பிளான்ட்டுக்கு இத்தனை கோடி போட்டு, அதுக்கப்புறம் கால்வாசி கரண்ட்டையும் இழக்க யாரும் ஒத்துக்க மாட்டாங்க. அதைவிட சோலார் போடுறது சீப்." பெல்ட் கணக்கையும் சொன்னேன். உள்ள ஒண்ணு வந்தா வெளிய ஒன்றரை போகணும்னு சொன்னப்போ தலையாட்டினார், அது மட்டும் உடனே பிடிபட்டது. கொஞ்ச நேரம் எதுவும் பேசலை.

"அப்பம் நீ எதுக்குல இதப் படிக்க?"

இதற்கு என்னிடம் பதில் இருந்தது. சிமென்ட். சிமென்ட் ஆலையில் வரும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, சுண்ணாம்புக்கல்லிலிருந்தே வருது. கல்லைச் சுட்டால் சுண்ணாம்பு நிற்கும், வாயு கிளம்பும், ஆப்ப சோடா கதைதான். உலையை சோலாரில் ஓட்டினாலும் கல்லுக்குள் இருக்கும் வாயு வரத்தான் செய்யும். கரண்ட் எடுக்க வேற வழி இருக்கு. சுண்ணாம்புக்கல்லிலிருந்து வாயு வராமல் சிமென்ட் எடுக்க இன்னும் சரியான வழி இல்லை. புகையிலும் வாயு அடர்த்தி கூடுதல், பிடிப்பது கொஞ்சம் சுலபம். நார்வேயின் பிரெவிக் சிமென்ட் ஆலையில் 2025-ல் ஆண்டுக்கு 4 லட்சம் டன் பிடிக்கும் அமைப்பைத் திறந்துட்டாங்க. பிடிச்சதைக் கப்பலில் ஏற்றி, வட கடலுக்கு அடியில் வைக்கிறாங்க. வைக்கிற இடத்தை முடிவு பண்ணிட்டுப் பிடிக்க ஆரம்பிச்சாங்க, கவனிங்க.

நம்ம அரியலூரைச் சுற்றி எத்தனை சிமென்ட் ஆலை இருக்குன்னு பஸ்ஸில் போனவங்களுக்குத் தெரியும். அதனால் இரண்டாவது ரிவ்யூவுக்கு முன்னாடி கைடிடம் பேசி, மாடலில் உள்ளே வரும் புகையை மின்நிலையத்திலிருந்து சிமென்ட் உலைக்கு மாற்றியிருக்கேன். வெப்பம் எங்கிருந்து எடுப்பது என்பதில் மாட்டிட்டு நிற்கிறேன், ஏன்னா சிமென்ட் ஆலையில் திருட டர்பைன் நீராவி கிடையாது. டெல்டா கேள்வி அப்படியே இருக்கு, அதை ஆஸ்பென் சாஃப்ட்வேரில் போட முடியாது.

அப்பாவிடம் இதையும் சொன்னேன். முழுக்கக் கேட்டுட்டு, "அங்க பெல்ட் உண்டால?"ன்னார்.

"உண்டுப்பா. குவாரியிலேர்ந்து ஆலை வரைக்கும், கிலோமீட்டர் கணக்குல."

"ம்"னு சொல்லிட்டு டிவி வால்யூமைக் கூட்டினார்.